புருஷன் ஒரு காரணமா?

"புருஷனுக்காகத் திரும்பி வருவேன்னு எழுதின பேப்பர் இன்னிக்கு வரைக்கும் என் மேஜையைத் தாண்டினதில்ல. நான் உசுரோட இருக்கற வரைக்கும் தாண்டாது!"

இந்தப் பிரகடனத்தைச் செய்தபடியே, எதிரே இருந்த அம்மாள் கொண்டுவந்த கல்யாண ஆல்பத்தைச் சூடான பாத்திரத்தைத் தள்ளுவதுபோல இரண்டு விரலால் தள்ளிவைக்கிறார் தூதர். அம்மாளின் முகம் சுருங்குகிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவர் கணவரின் முகம் அதைவிடச் சுருங்குகிறது.

தூதர் என்பது தெரு வைத்த பெயர். எந்த நாடும் அவரை எங்கும் அனுப்பியதில்லை. செருப்புக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, ஒரு மேஜையும் ஒரு கணினியும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் நெருக்கியடித்து நிற்கும் அறையில் அமர்ந்து, சுற்றுலா விசா கேட்பவர்களின் காகிதங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது அவர் தொழில். குடியிருப்பது அதற்கு மேலேயே, மாடியில். காலையில் படியிறங்கி வருவார், மாலையில் படியேறிப் போவார். அவர் செய்த மிக நீண்ட பயணம் அதுதான் என்பது அவர் மனைவியின் கட்சி.

ஸ்டேப்ளர் பின் அடித்த காகிதத்தைக் கண்டால் தூதருக்கு ரத்தம் கொதிக்கும். "அது என்ன பாவம் பண்ணிச்சுன்னு இப்படிக் குத்தியிருக்கீங்க?" என்று கேட்டபடி கட்டை விரல் நகத்தால் பின்னை நெம்பி எடுப்பார். அதற்காகவே வளர்த்த நகம் அது. போட்டோ எடுக்கும் மூலையில் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு நூலில் கட்டித் தொங்குகிறது. கட்டிவைக்காத சீப்புகள் எல்லாம் விசா இல்லாமலே வெளிநாடு போய்விட்டனவாம்.

விசா போட்டோ விஷயத்தில் அவர் சொந்தபந்தம் பார்ப்பதில்லை. மாடியில் மாட்டியிருக்கும் தன் கல்யாணப் படத்தையே பலமுறை நிராகரித்தவர் அவர். அதில் மாப்பிள்ளை சட்டப்படி நேராகப் பார்க்கிறார். காது இரண்டும் தெரிகின்றன. மருந்துக்கும் சிரிப்பில்லை. மணப்பெண் மட்டும் கேமராவை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இது செல்லாது. எந்த நாட்டுலயும் செல்லாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் விரல் நீட்டிக் காட்டுவார். "செல்லாட்டிப் போகுது, ஆணியில இருந்தா போதும்" என்பார் மனைவி.

விசா என்பது போவதற்கான அனுமதி என்று உலகம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது. தூதர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். "எதுக்குப் போறேன்னு எவன் சார் கேக்கறான்? திரும்பி எதுக்கு வருவேன்னுதான் கேக்கறான். அதுக்குப் பதில் இருந்தா விசா. இல்லேன்னா வீடு."

அந்தப் பதிலைக் கண்டுபிடிப்பதில் அவர் மன்னன். பொய் ஒரு வரி எழுதமாட்டார். இருக்கிற உண்மையைத் தோண்டி எடுப்பார். வாடகை அறையில் தனியாக இருக்கும் பிரம்மச்சாரி ஒருவருக்கு வீடு, வாசல், உறவு எதுவுமே இல்லை. தூதர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லில் பாதி வேலை முடிந்து, மீதி வேலைக்கு மருத்துவர் தேதி கொடுத்திருந்தார். "போதும்! காசைக் கட்டிட்டுப் பாதிப் பல்லோட எவனும் ஓடமாட்டான்." இன்னொருவர் சொத்துக்காக அண்ணனோடு வழக்கு நடத்துகிறவர்.

"அடுத்த வாய்தாவுக்கு நீங்க வராம, உங்க அண்ணன் ஜெயிச்சா?"

"செத்தாலும் விடமாட்டேன்!"

"இதை இப்படியே, இதே மூஞ்சியோட ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

இருவருக்கும் விசா கிடைத்தது. "பல்லுக்காக வருவான், நம்பலாம். அண்ணன் மேல இருக்கற ஆத்திரத்துல வருவான், கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். புருஷனுக்காக வருவேன்னா..." என்று நிறுத்தி, எதிரே இருக்கும் கணவரை ஏற இறங்கப் பார்ப்பார். "நீங்களே சொல்லுங்கம்மா. ஆபீசர் சிரிக்கமாட்டாரா?"

அவருடைய தொழிலின் சிகரம் ஒரு கண்ணாடி. மூடிப்போன சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கவுண்டரிலிருந்து வாங்கிவந்தது. நடுவில் வட்டமாக ஓட்டை. நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒத்திகை பார்க்கும்போது அதை மேஜைமேல் நிறுத்துவார். கதவுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டபடியே தொங்கும் டையைத் தலைவழியாக மாட்டிக்கொள்வார். அந்த ஓட்டை வழியாக அவர் குரல் வந்தால், பேர்போன தைரியசாலிகளும் சொந்தப் பெயருக்கே திணறியிருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கும் சோதனை வந்தது. கடல் தாண்டி இருக்கும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "எப்படியாவது அம்மாவை அனுப்பிடுங்கப்பா. இவருக்கு லீவு இல்ல. ஆஸ்பத்திரியில நான் தனியா கிடக்கணும்." தூதர் கடையை விட்டு நகர முடியாத விடுமுறைக் கூட்டம். மனைவி மட்டும் போவதாக முடிவாயிற்று.

மாப்பிள்ளை அனுப்பிய அழைப்புக் கடிதம் வந்தது. தூதர் ஃபைலைப் பிரித்துவைத்துக்கொண்டு பார்த்தார். மனைவிக்கு வேலை கிடையாது. குடியிருப்பது வாடகை வீடு. மகள் அங்கே, வரப்போகும் பேரப்பிள்ளை அங்கே. வேறு யாராவது இப்படி ஒரு ஃபைலோடு வந்திருந்தால், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து ஆறுதல் சொல்லியிருப்பார்.

"உனக்குப் பல்லுல ஏதாவது வலி, கிலி?"

"கல்லைக் கடிப்பேங்க."

"உங்க அண்ணனோட ஏதாவது தகராறு?"

"நேத்துதானே சாப்பிட்டுட்டுப் போனாரு. நீங்கதானே பரிமாறுனீங்க?"

மனைவியின் ஆரோக்கியமும் குடும்ப ஒற்றுமையும் ஒரு மனிதனை இந்த அளவுக்கு வதைத்த கதை வேறெங்கும் இருக்காது. மனைவிக்காகத் தயார்செய்த விண்ணப்பக் கடிதத்தில் எல்லா வரியும் நிரம்பியது. காரணம் எழுத வேண்டிய வரி மட்டும் இரண்டு நாளாகக் காலியாகவே கிடந்தது.

நேர்காணலுக்கு முந்தின நாள் மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை நடந்தது. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்து, வாடிக்கையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தூதர் ஓட்டைக் கண்ணாடியை நடுவில் நிறுத்தி, டையை மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நாள் தங்குவீங்க?"

"மூணு மாசம் சார்."

"செலவு யாரு?"

"மாப்பிள்ளை சார்."

கல்யாணமான நாளிலிருந்து வராத 'சார்' இன்று வரிக்கு வரி வந்தது. தூதர் அதை ரசிக்கவும் செய்தார். பிறகு, ஊரில் எல்லோரிடமும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சரி. திரும்பி எதுக்கு வருவீங்க?"

தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் முதல்முறையாக, இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்று தூதருக்கே இருந்தது.

"காரணம் தெரியலையா?"

"தெரியும் சார்."

"அப்ப சொல்றது?"

"அதைச் சொல்லவே கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு சார்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டார். திரும்பி வந்தபோது டை தளர்ந்திருந்தது, குரலும்தான்.

"வேற எதுவும் இல்லியா?"

"ரெண்டு நாளா நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். அது ஒண்ணுதான் வருது."

"ஆபீசர் சிரிப்பாரே."

"சிரிக்கட்டுமே. அவரு வீட்ல ஆளு இல்லையா?" மனைவி எழுந்துகொண்டார். "அவ்வளவுதானே சார்? அடுப்புல வெச்சது அடிப்பிடிச்சிடும்."

படியேறும் சத்தம் ஓய்ந்ததும் தூதர் டையைக் கழற்றினார். பிறகு கணினியை இழுத்துவைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த வரியில் ஒற்றை விரலால் தட்டினார்: 'என் கணவர் இங்கே இருக்கிறார். அவருக்காகத் திரும்பி வருவேன்.' படித்துப் பார்த்தார். அழிக்கவில்லை.

எழுதினால் போதுமா? ஆதாரம் வேண்டாமா? சத்தம் காட்டாமல் மாடிக்குப் போனார். சமையலறையில் பாத்திரம் உருட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆணியிலிருந்து கல்யாணப் படத்தைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவந்தார். சட்டத்தின் பின்பக்கம் அடித்திருந்த துருப்பிடித்த பின்களைக் கட்டை விரல் நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பினார். படத்தை உருவி, வேட்டியில் ஒருமுறை துடைத்து, ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து மூடி, பொத்தானை அமுக்கினார். மூடியின் இடுக்கில் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகப் போய், திரும்பி வந்தது.