மைக்செட் சுவிசேஷமுத்துவும் வல்லாரையும்

மதுரைக்குத் தெற்கே கடவுளுக்கு அடுத்த உயரத்தில் இருந்தவர் மைக்செட் சுவிசேஷமுத்து அண்ணாச்சிதான். அவர் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால், பாளையங்கோட்டையில் போடுகிற பாட்டுக்கு இலங்கையில் ஆள் எழுந்து பல் விளக்குவான். அவர் மைக்கில் ஆடு மாதிரிக் கத்தி உதை வாங்கியவன் நான். பொய் சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றேழில் சர்ச்சில் ஊருக்கே விருந்து போடும் அசனப் பண்டிகைக்குக் குழாய் கட்ட வேம்பில் ஏறினார். கிளை முறிந்தது. தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அவருடையதில்லை என்று ஆகிவிட்டது.

ஒரு வருஷம் கழித்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

"மஞ்சள், வல்லாரையில உள்ள சத்து, அடிபட்ட நரம்பு சாகாமக் காக்குமான்னு எலியில பாக்காங்க," என்றார் டாக்டர். "அதுவும் அடிபட்ட உடனே குடுத்தாத்தான். மனுஷனுக்கு இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது."

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த எனக்கே புரிந்தது. அண்ணாச்சி காதில் முதல் பாதி மட்டும் ஏறியது.

"எலிக்குக் கேக்குத மருந்து எனக்குக் கேக்காதாலே?"

"எலிக்கு நாலு காலு அண்ணாச்சி. ரெண்டு போனாலும் சமாளிச்சிரும்."

"போலே. வல்லாரையப் பறிச்சிட்டு வா."

வாய்க்கால் கரையில் நான் பறிப்பேன். அண்ணாச்சி மனைவி ஸ்வீட்லின் மதினி மஞ்சளோடு அரைத்துக் கொடுப்பாள். தினமும் காலையில் சோதனை. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். நான் பாதத்தில் பத்து இடத்தில் ஊசியால் குத்துவேன். தெரிந்தால் "இப்ப" என்று சொல்ல வேண்டும். மதினிக்கு ஊசியைக் கண்டாலே அழுகை வரும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

நாற்பது நாள். ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை.

குழாய்களை விலைக்குக் கேட்டுப் பேட்டை ஊர்க்காரர் ஒருவர் வந்தார். "கிறிஸ்துமஸுக்கு நானே ஏறுவேன் வே," என்று அண்ணாச்சி அவரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் குத்தும்போதே அவர் இரும்புக் கட்டிலில் என் கால் முட்டால் இடித்தேன். அதிர்வு அவர் தோளுக்குப் போகும். தோளில் உயிர் இருக்கிறதே.

"இப்ப," என்றார்.

அன்று பத்துக்கு ஆறு. ஒரு வாரத்தில் எட்டு. மதினி இன்னும் ஒரு கைப்பிடி கூட்டி அரைத்தாள்.

பிறகு ஒரு நாள், தலைமாட்டுக் காலண்டரில் குத்தி வைக்கிற ஊசியைக் காணோம். தேடினால் கேள்வி வரும். வெறுங்கையோடு உட்கார்ந்து இடித்தேன்.

"இப்ப."

இடித்தேன்.

"இப்ப."

பத்தும் சரி.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மூடியிருந்த கையைப் பைய விரித்தார். உள்ளங்கையில் ஊசி.

"பேட்டைக்காரரு வந்தா குழாயக் குடுத்துரச் சொல்லு, உன் மதினிகிட்ட."

பிறகு என் காலைப் பார்த்தார்.

"முட்டு வீங்கிருக்கு பாரு. வலிக்காலே?"