இடுப்பில் இரண்டு ஓலைப்பெட்டி

சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த காலண்டரில் மாதத்துக்கு ஒரு பிரெஞ்சு அரண்மனைச் சீமாட்டி நின்றாள். எல்லாம் இருநூறு வருஷத்துக்கும் முந்தைய ஃபேஷன் படங்களாம். கைப்பிடிக்குள் அடங்குகிற இடை. அதற்குக் கீழே பாவாடை மட்டும் இரண்டு பக்கமும் கட்டில் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். முழங்கையில் லேஸ் அடுக்கு, நெஞ்சில் ரிப்பன் முடிச்சுகள், தலைமுடியோ கோபுரம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு ராணி வேஷம் என்றதும், சித்தியிடம் டிசம்பர் சீமாட்டியைக் காட்டி, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சித்தி அஞ்சுகிராமத்துக்காரி, தையல் தெரிந்தவள். அம்மா பார்த்துவைத்த பெண்ணை வேண்டாம் என்றுவிட்டு சித்தப்பா தானாகவே கட்டிக்கொண்டு வந்தவள். அதனால் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஒரே அடுக்களையில் நின்றுகொண்டு, "மக்கா, ஒஞ் சித்திகிட்ட உப்பு எடுக்கச் சொல்லு" என்பாள். நான் திரும்பி நின்று சொல்வேன். சித்தியின் பதிலும் என் வழியாகத்தான் போகும். எனக்கா, தலைகால் புரியாத பெருமை! நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் சோறு வேகுமா?

உடுப்புக்குத் துணி தேடியபோது அம்மா சுவரைப் பார்த்து, "பழைய சன்னல் திரை பெட்டிக்குள்ள கெடக்கு" என்றாள். சித்தி அதை எடுத்து வெட்டினாள். கொசுவலை லேஸ் ஆனது. இலவம்பஞ்சு தலையில் ஏறியது. அகலத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, இரண்டு ஓலைப்பெட்டிகளை என் இடுப்பின் இருபுறமும் நாடாவால் கட்டிவிட்டாள். முற்றத்தில் நடந்து பார்த்தேன். அசல் டிசம்பர் சீமாட்டியேதான்.

சர்ச் மேடைக்குப் பக்கத்து அறையில் வைத்து சித்தி உடுத்திவிட்டாள். என் முறை வந்தது. புறப்பட்டேன். கதவு நிலையில் இரண்டு பெட்டியும் முட்ட, நின்றுவிட்டேன். முற்றத்துக்குக் கதவு கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பக்கவாட்டில் போகலாம்தான், ஆனால் ராணி நண்டு மாதிரியா நடப்பாள்? மாட்டேன் என்று நேராகவே முட்டினேன். மேடையில் ராஜா, "ராணி எங்கே?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தான், பாவம்.

அம்மா ஓடிவந்து சித்தியைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, என்னத்தப் பாத்துட்டு நிக்க? அந்தப் பெட்டிய அமுக்கு! இத நான் பாத்துக்கிடுகேன்!"

சித்தி பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "செரிக்கா!" என்று பாய்ந்து வந்து அமுக்கினாள். ஒரு பெட்டி மளுக்கென்று உடைந்தது. நான் சரிந்து, நண்டாகவே மேடையில் போய் விழுந்தேன். சபை மொத்தமும் கைதட்டிச் சிரித்தது.

எழுந்து வசனம் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அம்மாவைத் தேடினால் நாற்காலி காலி. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மாவும் சித்தியும் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் நாடகத்தை இரண்டு பேரும் பார்க்கவே இல்லை! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலை அடுக்களையில் அம்மா, "ஏட்டி, அந்த உப்ப எடு" என்றாள். நான் வழக்கம்போல ஓடிப்போய், "சித்தி, அம்மா உப்பு கேக்காங்க" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மறுபடி விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்னுமா அந்தப் பெட்டியை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.