பீரோவுக்குள் இருந்த கையுறைகள்

டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்த மறுநாள் காலை, முதல் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டு, காலி ஊசியோடு அடுப்படிக்குப் போனேன். அங்கே குப்பைக்குப் பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நான் அசையாமல் நின்றதைப் பார்த்து மனைவி, "வலிக்குதாங்க?" என்றாள். வலிக்கவில்லை. பெரம்பலூர் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் வேலை பார்த்த நாட்களும் ராசாத்தி அக்காவின் வலது கையும் நினைவுக்கு வந்துவிட்டன.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை. பதவியின் பெயர் பரப்புரையாளர். தற்காலிகப் பணிதான், ஆனாலும் அடையாள அட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் மாட்டிக்கொள்வேன். என் ஊர் திருமானூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். போகும்போது என்மேல் பவுடர் வாசனை இருக்கும். திரும்பும்போது இருக்கும் வாசனையில், கூட்டம் நெரிகிற பஸ்ஸிலும் என் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதி ஜன்னல் வழியே வந்து அதைக் கொஞ்சம் மூடும். அரியலூர்ப் புழுதியை நல்லவிதமாக நினைத்த ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன்.

குப்பைக்கு ஒரே நாற்றம்தான் என்று நாம் நினைக்கிறோம். ராசாத்தி அக்காவுக்கு அப்படி இல்லை. அவர் அந்த ஊர்த் தூய்மைப் பணியாளர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் விசில் ஊதிக்கொண்டு முன்னால் போக, அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். பையைத் தூக்கும்போதே அது யார் வீட்டுப் பை என்று சொல்லிவிடுவார். "இது வாத்தியார் வூடு தம்பி. முட்டை ஓட்டைப் பேப்பர்ல சுத்தித்தான் போடுவாங்க, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு." ஆட்கள் இருந்தால் நான் அவருக்கு சார். இல்லாவிட்டால் தம்பி. தம்பிதான் எனக்குப் பிடித்திருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

என் பரப்புரையை யாரும் காதில் வாங்காததால், ஏரிக்கரைக் குப்பைக் கிடங்கில் தார்ப்பாயை விரித்து எல்லாப் பைகளையும் கொட்டி, அக்காவும் கனகாவும் மற்றப் பணியாளர்களும் கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்திருந்த கையுறைகள் விரல் நுனியில் கிழிந்துபோயிருந்தன. "உறைக்குள்ள அழுக்குத் தண்ணி நின்னுக்குது தம்பி. அதுக்கு வெறுங்கையே தேவலை" என்று அக்கா கழற்றிப் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கையுறைகள் ஒரு பெட்டி வந்தது. மேலதிகாரி ஒருவர் கிடங்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கையாலேயே கொடுக்கவைத்துப் போட்டோ எடுத்தால் நன்றாக இருக்குமே என்று யோசனை சொன்னவன் நான். ஆபீசில் என் யோசனையை ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை. பெருமையோடு பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். அதிகாரியின் வருகை தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது.

பத்தாவது நாள், பிரித்துக்கொண்டிருந்த அக்கா "ஸ்ஸ்" என்று கையை உதறினார். கட்டைவிரலுக்குக் கீழே ஊசி ஒன்று ஏறியிருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு, "முள்ளு மாதிரிதான், ஒண்ணுமில்ல" என்று சேலையில் துடைத்துக்கொண்டார். நான் விடவில்லை. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, இரவல் பைக்கில் ஏற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். "யார் போட்ட ஊசின்னு தெரியலேன்னா, எச்.ஐ.வி. வராம இருக்க ஒரு மாசம் மாத்திரை சாப்பிடணும். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பாக்கணும்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம் தம்பி. இந்த மாத்திரை விஷயம் வெளிய தெரிஞ்சா என்னென்ன பேசுவாங்களோ."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, புதுக் கையுறை வந்து பத்து நாளாச்சு. போட்டோவுக்காக நான்தான் பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்."

"பத்து நாளா?"

தலையாட்டினேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அவர், "நாளைக்குக் காலையில எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துடுங்க. கனகாவுக்குக் கை சின்னது, அவளுக்குப் பாத்துக் குடுங்க" என்றார்.

மறுநாள் யாரையும் கேட்காமல் பீரோவைத் திறந்தேன். கனகாவுக்கும் ஒன்று பொருந்தியது.

அந்த ஊசி யாருடையது என்பதையும் அக்காவே கண்டுபிடித்தார். "அந்தப் பையில சக்கரை இல்லாத பிஸ்கட்டு உறையும் வெளிநாட்டு டீத்தூள் அட்டையும் இருந்துச்சு. நூர்ஜகான் அம்மா வூடுதான்."

மகன் துபாயில் இருக்க, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு தனியாக இருந்தவர் நூர்ஜகான் அம்மா. நாங்கள் இருவரும் போய் விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! பேப்பர்ல சுத்தித்தானேம்மா போட்டேன். ஒரு மனுஷி கைபட்டுப் பிரிப்பான்னு எனக்குத் தோணலையே!" தண்ணீரைக்கூட எட்டி நின்று ஊற்றும் வீடுகள் இருந்த ஊரில், அவர் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றே ஆட்டோ பிடித்து எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "என் ரத்தத்தைப் பாருங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சாத்தான் இந்தப் புள்ள தூங்குவா."

அவருக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததிலும் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டை வாங்கிய கையோடு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதுபோல ஒரு டீயை நான் பிறகு குடித்ததில்லை.

நூர்ஜகான் அம்மா காலிப் பால்பவுடர் டின் ஒன்றின் மூடியில் துளை போட்டு, ஊசிகளை அதில் சேர்க்க ஆரம்பித்தார். அத்தோடு விடாமல் அக்கம்பக்கத்தில் சர்க்கரை உள்ளவர்களின் வீடுகளுக்கும் போய்ச் சொன்னார். மாதக்கணக்கில் நான் விசில் ஊதியும் நடக்காதது ஒரே வாரத்தில் நடந்தது. அதிகாரி ஒருவழியாக வந்தபோது கையுறைகள் நன்றாக அழுக்கேறியிருந்தன. போட்டோ சரியாக வரவில்லை. எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் என்னை முறைத்தார். முதல் தடவையாக அந்த முறைப்பு எனக்கு உறைக்கவில்லை. அக்கா மகளின் கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டேன்.

போன வருடம் அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கப் போனேன். ஏரிக்கரையில் கிடங்கு இல்லை. பழைய குப்பையைச் சலித்து அள்ளிப்போய்விட்டார்கள். புல் முளைத்துக் கிடந்தது. காணாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே இடம் அதுதான். நூர்ஜகான் அம்மா மகனோடு துபாய்க்கே போய்விட்டாராம். வீடு பூட்டியிருந்தது.

அக்காவின் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அம்மா உங்களப் பத்தி சொல்லிக்கிட்டே இருக்கும் சார். ஊசி குத்துனப்ப நீங்கதான் பைக்குல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன சார்?"

பீரோவைப் பற்றி அக்கா வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. அன்று பெஞ்சில் நான் ஒப்புக்கொண்டது தெரிந்த இரண்டு பேரில் இப்போது மிச்சம் நான் மட்டும்தான். அதனால்தான் உங்களிடம் சொல்லிவிட்டேன்.