பெட்டியின் அடியைக் காட்டுங்கோ

காலை ஏழு மணிக்கு மன்னார் நகரிலிருந்து பேசாலைக்குப் பஸ் ஏறினேன். ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீட்டர். போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. கையில் பையும் மூக்கில் கண்ணாடியுமாக வரும் நடுவயதுக்காரனை இந்தக் கரையில் யாரும் பயணி என்று நம்புவதில்லை. பக்கத்தில் இருந்தவர் "எந்தக் கந்தோர்?" என்றார். அரசாங்க அலுவலகம் எதுவும் இல்லை, எழுதுகிறவன் என்றேன். "ஓம், அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவிக்கும் இதே அபிப்பிராயம்தான்.

எட்டு மணிக்குக் கரையில் மீன் ஏலம். ஐஸ் பெட்டியை அடிவரை காட்டாமல் இங்கே யாரும் விலை கேட்பதில்லை. மேலே நல்ல மீன், அடியில் நாறல் என்று பலமுறை ஏமாந்தவர்கள். றெஜினா என்ற வியாபாரி, இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தையோடு, முழங்கைவரை கையை விட்டு அடிமீனின் செவுளை விரித்துப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு மாதா கோயில் முற்றத்தில் சின்னமுத்து, அதாவது தட்டம்மைத் தடுப்பூசி. பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த நோயோடு படுத்திருந்ததால் றெஜினாவும் வந்தாள். வெள்ளாங்குளத்திலிருந்து வந்த மருத்துவமாது சிவமலரின் முன்னால், வெளிநாட்டு முத்திரை குத்திய நீலப் பெட்டி.

"அடியைக் காட்டுங்கோ, மிசி" என்றாள் றெஜினா.

"திறந்து வைச்சால் மருந்து பழுதாப் போகும். உலகம் முழுக்க இதுதான் சட்டம்."

"உலகம் மூடின பெட்டியில வாங்கட்டும். எங்களுக்கு அடி தெரிய வேணும்."

"பிள்ளை பெறாமல் ஆக்கிற மருந்தாமே?" என்றது ஒரு குரல்.

"எனக்கு ஆறு கிடக்கு. உண்மையெண்டால் எனக்கு ரெண்டு போடுங்கோ!" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் முன்னே வரவில்லை. போர்க்காலத்தில் மூடி வந்த பெட்டிகள் இந்தக் கரைக்கு நல்லது கொண்டுவந்ததாக எனக்கும் ஞாபகம் இல்லை.

யாரோ கூப்பிட, சிவமலர் திரும்பிய நேரத்தில் றெஜினா பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள். சின்னச் சின்னப் போத்தல்கள் சுடுமணலில் உருண்டன. ஆளாளுக்கு எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, முகர்ந்து, கைமாற்றினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. விஷயம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிவிட்டுக் கொடுத்தேன்.

"அடி சுத்தம். போடுங்கோ" என்று றெஜினா குழந்தையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

சிவமலருக்கு அழுகை வராத குறை. "இனிப் போடேலாது. வெயில் பட்டிட்டுது."

"நான் இப்பதான் நம்பிறன். இப்ப நீங்கள் நம்பிறியள் இல்லை!"

அடுத்த பெட்டி அடுத்த வாரம்தான். இன்றே வேண்டுமென்றால் மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

மத்தியான பஸ்ஸில் றெஜினா எனக்குப் பக்கத்தில் குழந்தையோடு இருந்தாள்.

"அண்ணை, அங்கை திறந்து காட்டுவினமோ?"

"மாட்டினம்."

கொழும்பில் என் அலுமாரி நிறைய மாத்திரை இருக்கிறது. எந்தப் பெட்டியின் அடியையும் நான் பார்த்ததில்லை.

வழியில் தோட்டவெளியில் பஸ் நின்றபோது, இறங்கித் திரும்பிப் போகிறவள் போல எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி இருந்துகொண்டாள்.

"பிள்ளையின்ரை நெத்தியைத் தொட்டுப் பாருங்கோ. சுடுகுதோ?"

தொட்டேன். அந்தப் பஸ்ஸில் கம்பி, இருக்கை, என் கை எல்லாமே சுட்டன.

"வெயில்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் கையை விலக்கிவிட்டு, தன் கன்னத்தைக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். மன்னார் வரும்வரை எடுக்கவில்லை.