லா சப்பலில் இரண்டு பில்கள்: முருங்கைக்காய்க்கு எல்லையில் ஆகும் செலவு

இந்தியச் சரக்கு என்பதால்தான் பிரான்ஸ் எல்லையில் சோதனைச் செலவு அதிகம் என்று சொல்லி, எட்டு மாதமாக என் பணத்தில் பிடித்தம் செய்தார்கள். அது பொய்க் காரணம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கடந்த மார்ச்சில் பாரிஸ் போனேன்.

நான் அரவக்குறிச்சியிலிருந்து முருங்கைக்காய் அனுப்புகிறவன். ஏற்றுமதி விதிகளை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே படித்துக்கொண்டேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் காயை வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அடுத்த மாதத்திலிருந்து இந்தியக் காய் வேண்டாம், இலங்கைக் காய் போதும் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து காய் அனுப்புவது அவருடைய மச்சான். சந்தேகம் வராமல் இருக்குமா?

விமான நிலையத்திலிருந்து ரயிலில் வடக்கு ரயில் நிலையத்துக்கு நாற்பது நிமிடம், பதின்மூன்று யூரோ. அங்கிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. டாக்ஸி பிடிக்காதீர்கள்.

"ஐயா, நான் உங்களை ஏமாத்தேல்லை. உங்கட நாட்டுச் சாமானுக்குச் செலவு கூட" என்றார் கடைக்காரர்.

"அப்ப உங்க மச்சான் பில்லையும் எடுத்து வைங்க. ரெண்டையும் பார்த்துக்கறேன்."

அவர் தயங்கினார். கணக்குப் பார்க்கும் கமலா என்ற பெண்தான், "காட்டுங்கோவன் அண்ணை, ஒளிக்க என்ன கிடக்கு?" என்று இரண்டு பில்களையும் மேசையில் போட்டார்.

வரி வரியாக ஒப்பிட்டேன். ஆவணச் சோதனை இரண்டுக்கும் அறுபது யூரோ. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்க்க இரண்டுக்கும் இருநூற்றுத் தொண்ணூறு. குளிர் அறை வாடகை மச்சானுக்கு ஓர் இரவு, எழுபது. எனக்கு மூன்று இரவு, இருநூற்றுப் பத்து. கூடவே, ஆய்வக முடிவு வரும்முன் சரக்கெடுக்கப் போன வேன் வெறுமனே திரும்பியதற்கு நாற்பது. ஆக அவருக்கு நானூற்று இருபது, எனக்கு அறுநூறு. நாட்டுக்கென்று தனிக் கட்டணம் எங்குமே இல்லை.

"மூணு ராத்திரி ஏனுங்க?"

"உங்கட பெட்டி வெள்ளி பின்னேரம் வருது. சனி, ஞாயிறு ஆய்வகம் பூட்டு. திங்கள்தான் முடிவு" என்றார் கமலா. "மச்சான்ர சாமான் புதன் வந்து வியாழன் வெளியிலை. நீங்கள் ஏன் செவ்வாய் ஏத்துறேல்லை?"

திருச்சியிலிருந்து எங்கள் காய் போகும் விமானம் செவ்வாய் இரவும் வியாழன் இரவும் மட்டுமே.

"செவ்வாய்க்கிழமை நம்ம கிடங்குல இருந்து சரக்கு படியிறங்காதுங்க."

"செவ்வாய்க்கு இஞ்சை என்ன விலை தெரியுமோ ஐயா? நூற்றெண்பது யூரோ!" என்றார் கமலா.

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாகத் தெரிந்தும் இவர் ஏன் சொல்லவில்லை? கேட்டேன். "நீங்கள் பெரிய ஆள், தெரிஞ்சுதான் செய்யிறியள் எண்டு நினைச்சன்" என்றார். இன்றைக்கும் அதை நான் நம்பவில்லை. ஆனாலும் இன்னும் ஒரே ஒரு சரக்குக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு எழுந்தேன். செலவு குறையாவிட்டால் அதோடு சரி.

என்னைப் போல் காய்கறி அனுப்புகிறவர்கள் மொத்தத் தொகையை நம்பாதீர்கள். எந்தக் கிழமை போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.

இனி நடக்க வேண்டியவை: ஒவ்வொரு சரக்குக்கும் முழுப் பில்லின் நகலைக் கடைக்காரர் அனுப்ப வேண்டும். பிடித்தத்துக்குக் காரணம் 'இந்தியா' என்று எழுதுவதை அவர் நிறுத்த வேண்டும். வேன் போகும்முன் முடிவு வந்துவிட்டதா என்று கமலா கேட்டுக்கொள்ள வேண்டும். செவ்வாய் இரவு விமானத்தில் திருச்சி ஏஜென்ட் இடம் பிடிக்க வேண்டும். அந்த விமானத்துக்கு, செவ்வாய் மாலை மூன்றரை மணிக்கு, ராகு காலத்தில், கிடங்கைத் திறந்து லாரியில் ஏற்ற வேண்டியவன் நான்.