பொட்டலத்தில் இருந்தது இலை

அண்ணன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டினான். ராத்திரி ட்யூட்டி. காலையில் பொம்மனஹள்ளிக்கு வந்து படுத்தால், எங்கள் ஷீட் வீட்டுச் சூட்டில் தூக்கம் வராது. கூட ஓட்டும் வடக்கத்திக்காரர் ஒருவர் 'பாங்' என்கிற இலை உருண்டைப் பொட்டலத்தைப் பழக்கிவிட்டார். பீடாக்கடையில் தொங்குவதுதான், மேலே சிவன் படம் போட்டிருக்கும்.

"கஞ்சா தானேண்ணா இது?"

"போடி லூசு. கஞ்சான்னா பூவு. இது வெறும் எல. போலீஸ்காரனே அந்தக் கடையிலதான் பீடா வாங்கறான்."

ஒரு உருண்டை தின்றுவிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குவான். வேறு கெட்ட பழக்கம் அவனுக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சா தேடுகிறோம் என்று போலீஸ் எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாக வந்தது. அரிசி டப்பா மேலிருந்து நாலு பொட்டலம் எடுத்தார்கள். வெறும் இலைதான் என்று அண்ணன் சொல்லச் சொல்ல எஸ்.ஐ. ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கன்னட ஓதக்கே பருத்தாம்மா?"

படிக்க வருமா என்று கேட்டார். நான் இங்கேயே பிறந்தவள். கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசரோடு கன்னடத்தில்தான் சண்டை போடுவேன். ஆனால் படித்தது தமிழ் ஸ்கூலில், அதுவும் அஞ்சாவதோடு சரி. வாசலில் வீட்டு ஓனரம்மா நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக இந்த ஊர்ச் சோறு தின்று எழுத்துக்கூடத் தெரியாதா என்று ஒருமுறை கேட்டவள். அவள் முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"பருத்தே சார்."

காகிதத்தை வாங்கி, படிக்கிறவர்கள் மாதிரி வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். கடைசியில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜாமீனில் வந்த அண்ணனிடம் கம்பெனி ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டது. இரவல் பைக்கில் சாப்பாடு டெலிவரிக்குப் போனான். கோர்ட்டில் இலவசமாகக் கிடைத்த வக்கீலம்மா தமிழ்தான். "எலையும் வெதையும் மட்டும்னா கஞ்சான்னு சட்டத்துல வராது. லேப் ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

"ரிப்போர்ட் வந்தா திரும்ப வண்டி குடுப்பாங்களா மேடம்?"

"கேஸ் போச்சுன்னா போய்க் கேக்கலாம். ஆனா இந்த மகஜர்ல, அன்னிக்குப் போலீஸ் எழுதுன காகிதத்துல, பூவோட சேர்ந்த கஞ்சான்னு எழுதியிருக்கே? படிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டேன்னு உங்க தங்கச்சி சைன் பண்ணியிருக்காங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில் ஏறின பிறகுதான் பேசினான்.

"ஏண்டி வருதுன்னு சொன்ன?"

நான் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

"சரி, வுடு. லேப்ல மிஷினு படிக்கும். அது உன்னாட்டம் பொய் சொல்லாது."

ரிப்போர்ட் வருவதற்குள் அவன் போய்விட்டான். ஓசூர் ரோட்டில், காலை மழையில், லாரி. டெலிவரிப் பையில் யாருடைய சாப்பாடோ இருந்தது. கேப் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

ரெண்டு மாசம் கழித்து வக்கீலம்மா கூப்பிட்டார். பொட்டலத்தில் இருந்தது வெறும் இலையாம்.

"அப்ப ஜெயிச்சிட்டமா மேடம்?"

"ஆள் இல்லன்னா கேஸ் அதோட முடிஞ்சிடும்மா."

"தப்பு பண்ணலைன்னு எழுதித் தருவாங்களா?"

"மாட்டாங்க. எறந்துட்டார்னு மட்டும் எழுதுவாங்க."

அந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து ஓனரம்மாவிடம் கொண்டுபோனேன். எங்கள் வீட்டைக் கஞ்சா கேஸ் வீடு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தவள் அவள்தான். "ஓதி நோடி ஆண்ட்டி", படித்துப் பாருங்கள் என்று நீட்டினேன். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. அவள் வாங்கி, மேலிருந்து கீழே மெதுவாகக் கண்ணை ஓட்டினாள். கண் எந்த வரியிலும் நிற்கவில்லை. "சரி, சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை.