முதல் சங்கு

எங்கள் ஊருக்குக் கப்பல் வரும், ஆனால் கரைக்கு வராது. எங்கோ தள்ளி நின்றுகொள்ளும். படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் கையில் இருக்கிற சுண்டலைக்கூட மறந்துவிட்டு அம்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அதுல ஏறுனா எங்க தம்பிகிட்ட போயிடலாம் இல்ல?" என்று கேட்பாள். "அது உரம் ஏத்திக்கினு வந்த கப்பல்டி" என்பார் அப்பா. வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

தம்பி என்றால் என் தாய்மாமா. தாயில்லாத பிள்ளையை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். மீசை முளைத்ததும் ஒரு கான்ட்ராக்டரோடு அந்தமானுக்கு மரம் வெட்டப் போனவர், போனவர்தான். என் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. சொந்த மாமன் உயிரோடு இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு முதலியார்பேட்டையில் மில் வேலை. மில்லில் மூன்று சங்கு ஊதும். முதல் சங்குக்குக் கிளம்ப வேண்டும், இரண்டாவதுக்கு கேட்டில் நிற்க வேண்டும், மூன்றாவது ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் வாட்ச்மேன் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டான். அப்பாவுக்கு அந்த வம்பே கிடையாது. முதல் சங்கிலேயே, வாயில் வைத்த சோற்றை விழுங்கியும் விழுங்காமலும் சைக்கிளை எடுத்துவிடுவார். "இந்த மனுஷன் என்னைக் கட்டிக்கல, சங்கைக் கட்டிக்கினாரு" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

அந்த மனுஷர்தான் எழுபதுகளின் கடைசியில் ஒரு போனஸ் சமயம், வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னார்: "மூட்டைய கட்டு. மெட்ராஸ்லேருந்து அந்தமானுக்குக் கப்பல் போவுதாம். புள்ளைங்களையும் இட்டுக்கினு போயி உன் தம்பியப் பாத்துட்டு வரலாம்." அம்மா அவர் முகத்தருகே போய் மோந்து பார்த்தாள். "என்னா, பகல்லயே போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

பயணத்துக்கென்று அவள் செய்ததெல்லாம் வடகம் போட்டதுதான். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, கடுகு, உளுந்து சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, வெயிலில் காயவைத்து ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்தாள். "அந்தக் காட்டுல அவனுக்கு யாரு வடகம் தாளிச்சி கொழம்பு வெக்கிறாங்க, பாவம்" என்று சொல்லிச் சொல்லி அடைத்தாள். கப்பலில் எங்கள் படுக்கைக்கு மேல்படுக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி கிலி செத்துப்போச்சாம்மா?" என்று விசாரித்தார். "உங்க மூக்குதான் செத்துப்போச்சி" என்றாள் அம்மா.

அடடா, அந்தக் கப்பல்! அப்பா தலைசுற்றி, வாந்தியெடுத்து, சுருண்டு கிடந்தார். நானும் அண்ணனும் மேல்தளத்திலேயே குடியிருந்தோம். அம்மாவும் எங்களோடுதான். கோலா மீன்கள் கூட்டமாகத் தண்ணீரை விட்டுக் கிளம்பிப் பறந்தன. "இதோட செதிலையா நான் இத்தினி வருஷமா சுரண்டிக்கினு இருந்தேன்!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் கப்பல் கரையே சேராமல் போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்று இப்போது ஏக்கமாக இருக்கிறது.

போர்ட் பிளேரில் இறங்கி, தீவுகளைச் சுற்றிவரும் சின்னக் கப்பலுக்கு மாறினோம். மாமா இருந்த தீவில் அது கொஞ்ச நேரம் நிற்கும். அங்கேயே தங்கிவிட்டால் அடுத்த கப்பல் எப்போது வருமென்று சொல்ல ஆளில்லை, அப்பாவின் லீவும் முடிந்துவிடும். அதனால் படகு வந்து அணையும் ஜெட்டிக்கு வந்து நிற்கும்படி மாமாவுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தோம்.

அங்கேயும் எங்கள் ஊர் மாதிரியேதான். கப்பல் தள்ளி நின்றது, படகில் கரைக்குப் போனோம். மணல் அரிசிமாவு மாதிரி இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் கால்விரல் தெரிந்தது. நானும் அண்ணனும் தண்ணீரை விட்டு வரவேயில்லை. அம்மா கடல் பக்கம் திரும்பக்கூட இல்லை, காட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் காணோம். "உள்ள வேலையா இருப்பாரு, மர லாரியில வந்துருவாரு" என்றார் ஜெட்டியில் இருந்த ஒரு தமிழர். அம்மா என்னை இழுத்து வைத்து, முகம் துடைத்து, ஈரத்தலையைப் பின்னிவிட்டாள். மாமன் முதல்முதலாகப் பார்க்கப்போகிறானாம்.

அப்போது கப்பல் ஊதியது.

அப்பா தடாலென்று எழுந்தார். "சங்கு ஊதிட்டான். கெளம்பு."

"இப்பதான ஒண்ணு ஊதியிருக்கான். இருங்க, வந்துருவான்."

"மூணாவது வரைக்கும் நின்னா கேட்டு சாத்திடுவான். புள்ளைங்கள வெச்சிக்கினு இங்க யாருகிட்ட போய் நிப்பே?"

எங்களோடு கரைக்கு வந்த மற்றவர்கள் இளநீர் குடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அசையவில்லை. அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காலியாகத் திரும்பின படகில் நாங்கள் மட்டும்தான். அம்மா மடியில் வடக டின்.

மேலே ஏறினதும் கப்பல் ஆள் சிரித்தான். "மரம் ஏத்துறதுக்குப் படகைக் கூப்புட்டு ஊதுனோம். கப்பல் கெளம்ப சாயங்காலம் ஆவும்யா." எனக்கு அப்பாவைக் கடித்துக் குதறிவிடலாம் போல இருந்தது. அப்பா கெஞ்சினார். மில்லில் யாரிடமும் பல்லிளிக்காத மனுஷர், "மறுபடியும் கரையில வுட்டுடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டார். மரம் ஏற்றுகிற படகில் ஆளை ஏற்றக்கூடாது, கடைசியாகக் கரையில் இருப்பவர்களைக் கூட்டிவருவதோடு சரி என்றுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. ஒரு ஆள் குதித்து, ஜெட்டியின் நுனிவரைக்கும் ஓடிவந்தார். "அவன்தான். ஓட்டத்தைப் பாரு, எங்கப்பாவோட ஓட்டம்" என்று கத்தினாள் அம்மா. முந்தானையை உதறி உதறி ஆட்டினாள். அவர் துண்டை ஆட்டினார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை.

"உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியுமே, சொல்லுடி. எளைச்சிருக்கானா?"

"இல்லம்மா, நல்லா குண்டா இருக்காரு" என்றேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

டின்னை மட்டும் படகுக்காரர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். மாமா அதைத் திறந்து முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டது தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் துண்டை ஆட்டவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் கப்பல் நகர்ந்து, தீவு மறையும்வரை அம்மா கம்பியை விடவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வடகம் தீந்துபோச்சி அக்கா, எப்ப வர்ற?" என்று மாமா எழுதுவார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அம்மா பதில் எழுதச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போனோம், ஆனால் கப்பல் நின்றாலும் அவள் எதுவும் கேட்பதில்லை. இப்போது யாராவது அந்தமானுக்குப் போய்வந்து போட்டோ காட்டினால், வெள்ளை மணலையெல்லாம் தள்ளிவிட்டு ஜெட்டி இருக்கிறதா என்றுதான் என் கண் தேடுகிறது.

எண்பதுகளில் ஒருநாள் காலை தந்தி வந்தது. காட்டுக் காய்ச்சலில் மாமா போய்விட்டார். அடக்கமும் முடிந்துவிட்டதாம். அம்மா அழக்கூட இல்லை, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்தார். முதல் சங்கு ஊதியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவதும் ஊதியது.

"கேட்டு சாத்திடுவாங்க, போங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"சாத்தட்டும்" என்றார் அப்பா.

மூன்றாவது சங்கு ஊதி முடிகிறவரை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள்.